தூணில் ட்ரான்ஸ்போமர், பனலில் ஒரு பெட்டி: 18 மாதப் பழக்கம்

"அந்தப் பெட்டி எப்படி, வாங்கலாமா?" என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையின் மின் பனலில் மாட்டியிருக்கும், கரண்டைக் கவனித்துப் போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டியைத்தான். ஓட்டமாவடியில் அரிசி ஆலை வைத்திருக்கும் காக்கா ஒருவர், வாகரைப் பக்கம் இறால் வளர்ப்பவர், கல்முனையிலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளி. ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் கதைத்து, கடைசியில் "சரி பிள்ளை, மறுகா எடுக்கிறன்" என்று பாதியில் முடிவதைவிட எழுதிவிடுவது லேசு.

எங்களுடையது வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஐஸ் தொழிற்சாலை. அப்பா தொடங்கியது. நான் கணக்கு எழுத வந்தவள். கணக்கில் சம்பளத்தைவிடப் பெரிய வரி மின்சாரக் கட்டணம் என்பதால், அதைக் குடைந்து குடைந்து, கரண்ட் விஷயமெல்லாம் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. 37 கிலோவாட் கொம்பிறஷர் இரண்டு, தண்ணீர்ப் பம்புகள், உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டார், ஐஸ் உடைக்கும் இயந்திரம். வாசலில் இரட்டைத் தூணில் 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர் உட்கார்ந்திருக்கிறது. 33,000 வோல்ட் லைன் நேராக அதற்கு வருகிறது. அது 400 ஆக்கி எங்களுக்குத் தருகிறது.

கிரிட் என்று நாங்கள் சொல்கிற பெரிய உப மின்நிலையத்தில் 132 ஆயிரம் வோல்ட்டை 33 ஆயிரமாக்குகிறார்கள். அங்கே ஒவ்வொரு பிறேக்கரும் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எந்த லைனில் எத்தனை அம்பியர், ட்ரான்ஸ்போமர் எண்ணெய் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டே பார்ப்பதற்கு ஸ்காடா என்ற ஏற்பாடு இருக்கிறது. பார்ப்பது மட்டுமில்லை, அங்கிருந்தே திறக்கவும் மூடவும் முடியும். ஆனால் அந்தப் பார்வை லைனோடு இறங்கி வர வர மங்கிவிடும். எங்கள் தூணில் ஒரு பியூஸ் விழுந்தால் நாங்கள் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்குப் போன் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. அந்தக் கடைசித் துண்டுக்குத்தான் இந்தப் பெட்டி.

பெயர் போடமாட்டேன். உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான், மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஆளுக்கு ஆள் வேறு. ஒரு சோற்றுப் பாசல் அளவு சாம்பல் நிறப் பெட்டி. கேபிளைக் கழற்றாமல் கவ்வி மாட்டுகிற கரண்ட் சென்சர் மூன்று, நியூட்ரலுக்கு ஒன்று. மூன்று பேஸின், அதாவது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கரண்ட் வரும் மூன்று கம்பிகளின், வோல்ட்டும் அளக்கும். வெப்பநிலை சென்சர் ஒன்று. உள்ளே சிம், சின்னப் பற்றரி. எல்லை தாண்டினால் எஸ்.எம்.எஸ், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இணையத்தில் கணக்கு. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கொன்டக்டரைக் கழற்றி விடுவதற்கு இரண்டு றிலே, அதாவது தானியங்கிச் சின்னச் சுவிட்ச். 2024 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு வாங்கினோம். பொருத்தும் கூலியோடு ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா.

பொருத்திய கதையை மட்டும் சொல்லாமல் விட ஏலாது.

வந்த பொடியன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். பின்னேரம் மூன்று மணிக்கு வந்து, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க நினைத்தவன். அவன் போன பிறகு போனில் பார்த்தால், சிவப்பு பேஸ் 29 கிலோவாட், மஞ்சள் கழித்தல் 30, நீலம் 28. கழித்தல் என்றால் நாங்கள் மின்சார சபைக்குக் கரண்ட் விற்கிறோம் என்று அர்த்தம்! அப்பா சந்தோஷப்பட்டார். எங்கள் கரண்ட் பாஸ், அதாவது மின்சார வேலை செய்பவர், வந்து பனலைத் திறந்தார். கவ்வியின் பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கிறது, சுமை இருக்கும் பக்கம் பார்க்க வேண்டியது. மஞ்சளில் அது ட்ரான்ஸ்போமரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றித் திருப்பி மாட்ட இரண்டு நிமிடம். வாங்குகிறவர்கள், ஆள் பஸ் ஏறுவதற்கு முன் மூன்று பேஸும் கூட்டல் காட்டுகிறதா, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மணி. பெட்டி பிறந்த ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, எங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எங்கள் மாதிரிப் பெரிய அளவில் கரண்ட் எடுக்கும் மொத்தப் பாவனையாளருக்கு மூன்று நேரத்துக்கு மூன்று விலை: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் 10.30 வரை உச்சம், அதற்குப் பிறகு விடியும்வரை மலிவு. உச்ச நேரத்தில் இரண்டாவது கொம்பிறஷரை ஓட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முதல் கிழமை அறிக்கையைப் பார்த்தால், இரவு எட்டு மணிக்கு இரண்டும் ஓடியிருக்கிறது. இரவு வேலைக்காரர்களைக் கூப்பிட்டு நான் ஏசியும்விட்டேன். அவர்கள் பின்னேரம் ஐந்தரைக்கு, பகல் விலையில், ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு றோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் செலவையும் பெட்டியின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பநிலை சென்சர். ட்ரான்ஸ்போமர் எண்ணெயின் சூட்டை அறிவதற்குத் தந்தது. ட்ரான்ஸ்போமர் எங்கள் வாசலில் நின்றாலும் சபையின் சொத்து. மீற்றருக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் இராச்சியம். தூணில் ஏறி எதையும் ஒட்ட ஏலாது, ஒட்டவும் கூடாது, மேலே 33 ஆயிரம். விற்றவர்கள் இதை முதலே சொல்லியிருக்கலாம். சென்சர் இரண்டு மாதம் என் மேசை லாச்சியில் ஸ்டேப்ளரோடு கிடந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர் ஒருவர் இருக்கிறார். பின்னேரங்களில் அப்பாவோடு கதைக்க வருவார். ஊரில் எல்லோருக்கும் அவர் சேர். அவர்தான் சொன்னார்: "எண்ணெயைத் தொட ஏலாட்டி என்ன பிள்ளை, அம்பியரைப் பார். ட்ரான்ஸ்போமரை ஆக்கிறதும் அழிக்கிறதும் அதுதானே." 160 கேவிஏ என்றால் ஒரு பேஸுக்கு 231 அம்பியர் வரை தாங்கும். உள்ளே செம்புச் சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். சுருளின் ஆகச் சூடான இடம் 98 பாகையைத் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு 6 பாகைக்கும் அந்தக் காகிதம் இரண்டு மடங்கு வேகமாகக் கிழடாகிவிடுமாம். கச்சான் காற்றுக் காலத்தில், மத்தியானத்தில், காற்றே நெருப்பாக வீசும்போது முழுச் சுமையில் ஓட்டுவதும், மார்கழி மழையில் அதே சுமையில் ஓட்டுவதும் ஒன்றில்லை. நாங்கள் 170ஐத் தாண்டுவதே அபூர்வம் என்று பெட்டி காட்டியபோது சேர் தலையாட்டிவிட்டு, "அப்ப அது உன்னைவிடக் கனகாலம் இருக்கும்" என்றார். வாழ்த்தா வசையா தெரியவில்லை.

லாச்சியில் கிடந்த சென்சரை அப்புறம் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். உப்பு அதன் இரும்புத் தோலைத் தின்றுவிடும் என்று, அடி அடைத்த பிவிசி குழாய்க்குள் விட்டு, சூடு கடத்துவதற்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னார் கரண்ட் பாஸ். வேலைக்காரர் ஒருவர் சமையல் அறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து ஊற்றிவிட்டார். கழித்தல் 10 பாகைத் தொட்டிக்குள் தேங்காய் எண்ணெய்! மறுநாள் கழுவ எடுக்கப் பார்த்தால் சென்சர் மெழுகுதிரிக்குள் திரிபோல இறுகி நின்றது. வெயிலில் வைத்து உருக்கி எடுத்தோம். இப்போது ட்ரான்ஸ்போமர் எண்ணெய் விட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால், இந்தப் பெட்டியில் அப்பா ஆகக் கூடுதலாகப் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான். விடியக்காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, லொத்தர் முடிவு பார்க்கிற முகத்தோடு, தொட்டியின் குளிரைப் பார்க்கிறார். முப்பது வருடம் கொம்பிறஷர் சத்தத்தைக் காதால் கேட்டு "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று சொன்ன மனிதர்.

இனி, காசுக்குத் தகுந்ததா என்பதற்கு வருகிறேன். ஒரு இரவைச் சொன்னால் போதும்.

2024 ஆவணி. நடுச்சாமம் 2.17க்கு எஸ்.எம்.எஸ். தூக்கக் கண்ணோடு பார்த்தேன்: சிவப்பு 229 வோல்ட், மஞ்சள் 121, நீலம் 108. றிலே கழன்றுவிட்டது. வாச்சர் அண்ணனுக்கு எடுத்தால், "பிள்ளை, கரண்ட் இருக்கு, ஆனா இல்ல" என்கிறார். லைட் பாதி மங்கலாக எரிகிறது, பாதி நன்றாக எரிகிறது, கொம்பிறஷர் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சேருக்கு அந்த மெசேஜை அனுப்பினேன். வயது போனவர்களுக்குத் தூக்கம் குறைவு என்பது உதவியது. உடனே எடுத்தார்.

"அந்த ரெண்டு சின்ன இலக்கத்தையும் கூட்டிப் பார்."

121ம் 108ம் 229.

"மேல ஒரு பியூஸ் விழுந்திட்டு. டோர்ச் அடிச்சுத் தூணைப் பார்க்கச் சொல்லு."

அவர் பிறகு கடதாசியில் முக்கோணம் கீறி விளக்கினார். ட்ரான்ஸ்போமரின் மேல் பக்கச் சுருள்கள் மூன்றும் முக்கோணமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று லைனில் ஒன்று போனால், மிஞ்சிய இரண்டு லைனுக்கு நடுவே ஒரு சுருள் நேராக நிற்கிறது, அதற்கு முழு வோல்ட்டும் கிடைக்கும். மற்ற இரண்டு சுருளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். சரிசமமாகப் பிரித்தால் 115, 115. எந்தப் பேஸில் லைட் கூட எரிகிறதோ அதற்கேற்ப ஒன்று கூடும், ஒன்று குறையும். கூட்டினால் எப்போதும் முழுசு. இந்த நிலையில் மோட்டார் ஓடினால், உறுமி உறுமிக் கரண்டை இழுத்து, சில நிமிடத்தில் சுருள் கருகிவிடும்.

வாச்சர் அண்ணன் டோர்ச் அடித்தபோது, மூன்று பியூஸ் குழலில் ஒன்று கழன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தூணடியில் ஒரு பழந்தின்னி வௌவால் செத்துக் கிடந்தது. 1987க்கு எடுத்து, "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல், "ட்ரான்ஸ்போமர் தூணில் ஒரு பியூஸ் விழுந்திருக்கிறது, மற்ற இரண்டும் நிற்கின்றன" என்று சொன்னேன். விடியும்போது வந்தவர்கள் கையோடு பியூஸ் கம்பி கொண்டுவந்து, நீண்ட கோலால் குழலைக் கழற்றி, கம்பி மாற்றி, தூக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். இன்னதுதான் பிழை என்று தெரிந்து வந்ததால் தேடி அலையவில்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மோட்டாரைக் காப்பாற்ற ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் தேவையில்லை. பேஸ் பெயிலியர் றிலே என்று கைக்குள் அடங்குகிற சாமான், சில ஆயிரம் ரூபாவுக்கு மட்டக்களப்பு டவுன் கடைகளிலேயே கிடைக்கும். ஒரு பேஸ் போனால் அதுவும் இதைப்போலவே மோட்டாரைக் கழற்றிவிடும். எங்கள் பனலிலும் ஒன்று இருந்தது. ஆனால் 2019இல் ஒரு மோட்டார் எரிந்தபோது திறந்து பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் அந்த றிலேயின் வயரைக் கழற்றி நேராகக் கொடுத்திருந்தார். "அடிக்கடி நிக்குது, அதான்" என்றாராம் அப்பாவிடம். அடிக்கடி நின்றது றிலேயின் பிழையில்லை. ஒரு பேஸ் வோல்ட் உண்மையாகவே அடிக்கடி விழுந்திருக்கிறது. றிலே வாய் பேசாது, ஏன் கழன்றது என்று எழுதி வைக்காது. ஆகவே ஆட்களுக்கு அதன்மேல் கோபம். பெட்டி எழுதி வைக்கிறது. மோட்டாரைக் கழற்றும் அதன் கம்பியை இன்றுவரை யாரும் பிடுங்கவில்லை. நான் காசு கொடுத்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த எழுத்தை வாசிக்கப் பழகியது இன்னொரு கதை. வாடைக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் கண் சிமிட்டும். முன்பெல்லாம் சிமிட்டினால் ஜெனரேட்டருக்கு ஓடுவதா, பொறுத்திருப்பதா என்று தெரியாது. ஒரு மணி நேரம் பொறுத்தால் தொட்டி சூடேறும், ஓடிவிட்டால் டீசல். 2024 கார்த்திகையில் ஒரு இரவு பெட்டியில் பதிந்திருந்தது இப்படி: 11.41.07க்குப் போனது, 11.41.10க்கு வந்தது, அடுத்த விநாடி போனது, 11.41.26க்கு வந்தது, உடனே போனது. அதற்குப் பிறகு மூன்றும் பூச்சியம்.

சேர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பழைய கூட்டாளியின் கையெழுத்தைக் கண்டதுபோலச் சிரித்தார். 33 ஆயிரம் லைனில் அங்கங்கே ஓட்டோ றீகுளோசர் என்ற பிறேக்கர் வைத்திருக்கிறார்கள். லைனில் எதாவது பட்டால் அது வெட்டும். கொஞ்சம் பொறுத்துத் தானே மூடி, அதாவது கரண்டைத் திரும்பக் கொடுத்து, பார்க்கும். ஓலை பட்டு விழுந்துவிட்டது, காகம் செத்து விழுந்துவிட்டது என்றால் இந்த முறை கரண்ட் போகாமல் நிலைக்கும், யாரும் வரத் தேவையில்லை. இன்னும் பிழை இருந்தால் திரும்ப வெட்டி, இன்னும் கொஞ்சம் கூடப் பொறுத்து, திரும்ப மூடும். குறித்த தடவைகள் பார்த்தும் சரிவரவில்லை என்றால் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆள் போய் லைனைப் பார்த்தால்தான் உண்டு. அதாவது ஒரு சிமிட்டு என்றால் தேத்தண்ணி குடிக்கலாம். மூன்று தடவை சிமிட்டிச் செத்தால் எங்கோ மரம் விழுந்திருக்கிறது, உடனே ஜெனரேட்டர். இந்த ஒரு விஷயத்தை வாச்சர் அண்ணன் என்னைவிட வடிவாகப் பிடித்துக்கொண்டார். இப்போது பெட்டியைப் பார்க்காமலே லைட்டைப் பார்த்து எண்ணுகிறார்.

ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கொம்பிறஷர் உடனே திரும்ப ஓடினால் அதுவும் கெடுதி. அழுத்தம் இறங்க நேரம் வேண்டும். பெட்டியின் றிலேயில், கரண்ட் வந்து நான்கு நிமிடம் போகாமல் ஒழுங்காக இருந்தால்தான் மூடு என்று வைத்திருக்கிறோம். அதை மாற்றுவதற்கு ஒரு மெசேஜ் போதும். இது நல்ல வேலை.

கட்டணத்துக்கு வருவோம். மாதத்தில் ஆகக் கூடிய 15 நிமிடத்தில் எத்தனை கேவிஏ இழுத்தோமோ, அந்த ஒரு எண்ணுக்கு மாதம் முழுதுக்கும் தனியாக அறவிடுகிறார்கள். அந்தப் 15 நிமிடம் எப்போது வருகிறது என்று எனக்கு வருடக்கணக்காக விளங்கவில்லை. பெட்டியின் கோட்டைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. கரண்ட் போய் வந்த பிறகு முதல் ஒரு மணி நேரத்தில்தான் எப்போதும். தொட்டி சூடேறிவிட்டதே என்ற பதற்றத்தில் இரண்டு கொம்பிறஷரும், பம்புகளும், வெளியே படகு காத்திருப்பதால் ஐஸ் உடைக்கும் இயந்திரமும் ஒரே நேரத்தில். கரண்டை நிறுத்தியவர்களைத் திட்டிக்கொண்டே, நாங்களே எங்களுக்கு அபராதம் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது கரண்ட் வந்தால் ஒன்று, அரை மணி கழித்து மற்றது, ஐஸ் உடைப்பது அதற்குப் பிறகு. படகுக்காரர்கள் முறைப்பார்கள்.

அதோடு கப்பாசிட்டர். இழுக்கும் கேவிஏயில் உண்மையாக வேலை செய்யும் பங்குதான் பவர் பெக்டர், அதைக் கூட்டுவது கப்பாசிட்டர். 90 கிலோவாட் சுமைக்குப் பெட்டி பவர் பெக்டர் 0.78 என்று காட்டியது. அதாவது 115 கேவிஏ. பனலைத் திறந்தால் கப்பாசிட்டர் வரிசையில் இரண்டு உப்பி, ஒன்று எண்ணெய் கக்கி, எப்போது செத்ததென்றே தெரியாமல் கிடந்தன. மாற்றியபின் 0.96, அதே 90 கிலோவாட்டுக்கு 94 கேவிஏ. மாதாமாதம் 21 கேவிஏ சும்மா கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். கப்பாசிட்டர் செலவு போக, பெட்டியின் விலை இந்த இரண்டு காரியத்திலேயே ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டது. காக்கா, உங்கள் ஆலையில் பெட்டி வாங்குகிறீர்களோ இல்லையோ, நாளைக்கே கப்பாசிட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். சபையின் மீற்றருக்குள்ளேயே 15 நிமிடக் கணக்கு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கினாலும் பாதி விஷயம் விளங்கும்.

இனிக் குறைகள். குறைவில்லை.

எஸ்.எம்.எஸ் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் மொட்டை எழுத்தில். இரவில் பெட்டியோடு இருக்கும் மனிதர் தமிழ் மட்டும் வாசிப்பவர். விற்பனைப் பொடியனிடம் கேட்டால், "அக்கா, தமிழில் அடித்தால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 70 எழுத்துத்தான் கொள்ளும், ஆங்கிலத்தில் 160" என்கிறான். அது உண்மைதான். ஆனால் "ஒரு பேஸ் இல்லை" என்பதற்கு 70 எழுத்து எதற்கு? கடைசியில் நாங்களே ஒரு அட்டையில் ஐந்து ஆங்கிலச் சொல்லும் எதிரே தமிழும் எழுதி, வாச்சர் அறையில் சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம்.

பற்றரி முதல் கச்சானிலேயே உப்பிவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பனலுக்குள் வைத்தால் எந்தப் பற்றரியும் உப்பத்தான் செய்யும். பற்றரி இல்லாத பெட்டி கரண்ட் போன செய்தியை எப்படி அனுப்பும்? கரண்ட் போவதோடு அதுவும் போய்விடும். முதல் பற்றரியை உத்தரவாதத்தில் மாற்றினார்கள். இரண்டாவது, எங்கள் செலவு. பெட்டியைப் பனலுக்கு வெளியே, சுவரில், நிழல் பக்கமாக மாற்றினோம். அப்புறம் வயர் நுழைகிற துவாரத்தால் பல்லி. முட்டையும் இட்டிருந்தது. துவாரத்துக்குச் சிலிக்கன் பூசினால் போதும், ஆனால் அதைப் பொருத்த வந்தவர் செய்திருக்க வேண்டும். கடல் காற்றுக்கு ஸ்க்ரூ முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துடைக்கிறோம்.

ஆக மோசமானது சத்தமில்லாமல் சாவது. 2025 மாசியில் சிம்முக்குக் காசு முடிந்துவிட்டது. எட்டு நாள் ஒரு மெசேஜும் இல்லை. நாங்களும் "இந்தக் கிழமை நல்ல கரண்ட்" என்று சந்தோஷமாக இருந்தோம். இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு "இருக்கிறேன்" என்று ஒரு மெசேஜ் வரும்படி வைத்திருக்கிறேன். அது வராவிட்டால்தான் பதற்றம். பெட்டி வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள். அமைப்பில் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

அதே மாதம் 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டதென்று அமைச்சர் சொன்ன அந்த நாள், பெட்டி தன் கடமையைச் செய்தது. சிமிட்டல் ஒன்றும் இல்லை, மூன்று பேஸும் ஒரேயடியாகப் பூச்சியம். "இது நம்ம தூணும் இல்ல, நம்ம லைனும் இல்ல" என்று வாச்சர் அண்ணனே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாட்டில் பாவனை குறைவு, வெயிலுக்குக் கூரைச் சூரிய மின்சாரம் கூட, மின்நிலையங்களில் பாரமான இயந்திரங்கள் குறைவாகச் சுழன்ற நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தாங்காது என்று சேர் நீண்ட விளக்கம் தந்தார். அப்பாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "ஸ்காடா வச்சிருக்கிற இடத்தில குரங்கு, நமக்கு வௌவால்" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னேரமானதும் போன் கோபுரங்களின் பற்றரி இறங்கி சிக்னல் போனது. கரண்ட் வந்த செய்தி, கரண்ட் வந்து நெடுநேரத்துக்குப் பிறகுதான் போனுக்கு வந்தது. அதில் பெட்டியின் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பெரிய இருட்டில் இந்தச் செய்தியை நம்பி ஊரைவிட்டுப் போக ஏலாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்ற பிறகு உதவி எப்படி என்றால், போனை எடுக்கிறார்கள், வருகிறோம் என்கிறார்கள், வர இரண்டு கிழமை. நல்ல கரண்ட் பாஸ் ஒருவர் கையில் இருந்தால் அவர்களே தேவையில்லை.

கேட்ட மூவருக்கும் தனித்தனியாக. காக்கா, உங்களுக்கு ஆலை அறுவடைக் காலத்தில் மட்டும் முழுமூச்சில் ஓடும். கப்பாசிட்டரும் பேஸ் றிலேயும் முதலில், பெட்டி வேண்டுமென்றால் பிறகு. இறால்காரருக்கு யோசிக்கவே தேவையில்லை: இரவில் காற்று அடிக்கும் மோட்டார் நின்றால் விடியும்போது குளமே போய்விடும், வாங்குங்கள், சிம் இரண்டு போடுகிற வகையாகப் பாருங்கள். கல்முனை மாமா, உங்கள் கடையில் இருப்பது ஒரு பேஸ் இணைப்பும் நாலு பிறீசரும். உங்களுக்கு வேண்டியது, வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் வெட்டிவிடும் ஒரு நல்ல வோல்டேஜ் காட் மட்டும்தான். மிச்சக் காசுக்கு மாமிக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

இன்று காலை ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது. தொட்டி கழித்தல் 9.4. அப்பா திருப்திப்படவில்லை, கேஸ் பார்க்கச் சொல்லிவிட்டார். வாடைக்கு முன்னால் பற்றரியை மாற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துப் பத்து நாள் ஆகிறது, இன்னும் ஆள் வரவில்லை.